தொட்டிச் சுவரில் ஒரு நுரைக்கூடு

ஜூன் 9

நேற்று இரவு முழுவதும் சாரல். காலையில் துணி துவைக்கப் போனபோது, தொட்டியின் உட்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, உள்ளங்கை அளவுக்கு வெள்ளை நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. "சோப்பு நுரை, அம்மச்சி" என்று பேத்தி விளக்குமாற்றுடன் வந்துவிட்டாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். இரவில் யாரோ மரத்தைத் தட்டுவதுபோல் 'டக், டக்' என்று கேட்டதே, அது ஆண் மரத்தவளையின் குரல். இந்த நுரை அவற்றின் கூடு.

பெண் தவளை தன் உடலில் சுரக்கும் வழுவழுப்பான நீரைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்குகிறது. நாம் முட்டையின் வெள்ளைக்கருவை அடிப்பதுபோலத்தான். முட்டைகள் அதற்குள் பத்திரமாக இருக்கும். மேற்புறம் வெயிலில் காய்ந்து தோலாகிவிடும். உள்ளே ஈரம் வற்றாது.

ஜூன் 10

பேரன் படத்தில், பல்லிபோல உடம்புள்ள சாலமாண்டரைப் பார்த்துவிட்டான். "நம் ஊரில் இருக்கிறதா?" என்று கேட்டான். இல்லை மக்களே. அதைப் பார்க்க டார்ஜிலிங் மலைக்குப் போக வேண்டும். அங்கே ஜோர் போக்ரி என்ற இடத்தில் அதற்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. மழைக்காலம் வந்ததும் குளங்களுக்கு வந்து முட்டையிடும். குளிர்காலத்தில் கல்லுக்கும் கட்டைக்கும் அடியில் ஒடுங்கிவிடும். ஆனால் அதன் உறவுக்காரர்கள் நம் ஊரிலும் உண்டு. வால் உள்ளது சாலமாண்டர், வால் இல்லாதது தவளை. காலே இல்லாத மூன்றாவது உறவும் இருக்கிறது. வாழைக்குழி வெட்டும்போது பெரிய மண்புழுபோல நெளியும். பாம்புக்குட்டி என்று பயந்து அடித்துவிடுகிறார்கள். பாவம், அதற்கு விஷப்பல் கிடையாது.

ஜூன் 12

சுகாதாரப் பணியாளர் வந்தார். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு வளரும், தொட்டியைக் கவிழ்த்துக் கழுவுங்கள் என்றார். அவர் சொல்வது சரிதான். கொசுவுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். நுரையைக் காட்டினேன். சற்று நேரம் குனிந்து பார்த்தார். கடைசியில், தொட்டியைப் பழைய கொசுவலையால் இறுக்கமாக மூடுவது, தண்ணீரில் நெளியும் கொசுப்புழுக்களைத் தேநீர் வடிகட்டியால் அள்ளிவிடுவது, மருந்து ஊற்றுவதில்லை என்று முடிவாயிற்று. அள்ளும் வேலையைப் பேரன் ஏற்றுக்கொண்டான்.

ஜூன் 13

மதியம் மழை வலுத்தது. நுரை இளகி, ஒவ்வொரு துளியாகத் தொட்டிக்குள் வழிந்தது. துளியோடு வாலாட்டிக்கொண்டு தலைப்பிரட்டைகள்! பேத்தி முப்பதுவரை எண்ணிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

ஜூன் 22

தேரூர் குளத்துப் பக்கம் நடந்தோம். சுசீந்திரமும் தேரூரும் சேர்ந்த இந்த ஈரநிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பறவைகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். தவளைக்காக யாரும் நின்று பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். வயலில் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல ஒரு பெரிய ஆண் தவளை இருந்தது. கத்தும்போது தாடையின் இருபுறமும் நீலப் பைகள் உப்பின. நான் சிறுமியாக இருந்தபோது, இந்தத் தவளைகளைப் பிடிக்கப் பெட்ரோமாக்ஸ் விளக்கும் சாக்குமாக இரவில் வயலில் இறங்குவார்கள். கால்கள் வெளிநாட்டுக்குப் போகும். 1987-ல் அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அன்று தடை வராதிருந்தால் இன்று பிள்ளைகளுக்கு எதைக் காட்டியிருப்பேன்?

ஜூலை 16

தலைப்பிரட்டையின் மூக்கு நுனியில் அரிசிக் குறுணை அளவுக்கு ஒரு வெள்ளிப் பொட்டு. மேலிருந்து பார்த்தால் அந்தப் பொட்டுகள்தான் தண்ணீருக்குள் ஓடுகின்றன. சுவரில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கின்றன. இன்று ஒன்றுக்கு வால் தொடங்கும் இடத்தில் இரண்டு சின்னப் பின்னங்கால்கள்! சாலமாண்டர் குஞ்சுக்கு முன்னங்கால்தான் முதலில் வரும் என்று சொன்னேன். பேரனுக்கு அது பெரிய அதிசயமாகிவிட்டது. பள்ளியில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான்.

ஆகஸ்ட் 4

முன்னங்கால்களும் வந்துவிட்டன. இப்போது அது எதையும் தின்பதில்லை. வால் உடம்புக்குள்ளேயே கரைந்து, அதுவே உணவாகிவிடுகிறது. வாய் அகலமாகிறது, குடல் சுருங்குகிறது. இனிப் பூச்சிதான் சாப்பாடு. நுரையீரலோடு தோலாலும் மூச்சு விடும். அதனால்தான் ஈரம் இல்லாமல் அதனால் இருக்க முடியாது. வாழைக்கு மருந்தடித்தாலும் முதலில் அதன் தோலில்தான் ஏறும். சோப்புக் கையோடு தொடாதீர்கள் பிள்ளைகளே.

தென்னை மட்டை ஒன்றைத் தொட்டிக்குள் சாய்த்து, அந்த மூலையில் மட்டும் வலையைத் தூக்கிவிட்டோம்.

ஆகஸ்ட் 6

விடியற்காலை. மட்டையில் பேத்தியின் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு தவளை. பின்னால் இன்னும் கரையாத வால்முனை, கறுப்பாக. விரல் நுனிகளில் வட்டத் தட்டுகள். அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டி, எடுத்து, ஒட்டி ஏறியது. விளிம்பில் நின்று தொண்டை துடிக்க வெகுநேரம் இருந்தது. பிறகு கொய்யா இலைக்குத் தாவியது. பேரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தொட்டியைக் கழுவவில்லை. உள்ளே இன்னும் பதினொன்று இருக்கின்றன, பேத்தியின் கணக்கு.