குழலி தூங்கும் நேரத்தில் ஓர் அத்தியாயம்

குழலிக்கு இப்போது நாலரை மாதம். நான் பொன்னியின் செல்வனில் இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' முடியும் தறுவாயில் இருக்கிறேன். நாய்க்குட்டியைப் பற்றித் தனியாகவும் புத்தகத்தைப் பற்றித் தனியாகவும் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒன்று இல்லாமல் மற்றது இவ்வளவு தூரம் வந்திருக்காது. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆடி பிறக்கும் சமயத்தில் எங்கள் தெரு நாய் ஈன்ற குட்டிகளில் ஒன்றை எடுத்து வந்தோம். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு, பெண் குட்டி. வயது இரண்டு மாதம் இருக்கும் என்றார் டாக்டர். அதே வாரம் அம்மா பரணிலிருந்து பாட்டியின் பைண்டு புத்தகங்களை இறக்கினார். கல்கி பத்திரிகையில் தொடராக வந்த பக்கங்களைக் கிழித்து, வரிசைப்படுத்தி, காலிகோ அட்டை போட்டுத் தைத்தவை. 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டுக்கு மேல் வந்த தொடர் அது. ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு அதைப் படிப்பது தனி சுகம்.

நாய்க்குட்டி வந்த வீட்டில் புத்தகம் படிக்க நேரம் எங்கே என்று பலரும் கேட்டார்கள். நேரம் இருக்கிறது, துண்டு துண்டாக இருக்கிறது. இந்த வயதுக் குட்டிகள் ஒரு நாளின் பெரும்பகுதி தூங்கும். ஒரு மணி நேரம் விழித்திருந்து ஓடியாடிவிட்டு, விழுந்த இடத்திலேயே தூங்கிவிடும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் உடனே வெளியே தூக்கிப் போக வேண்டும். இந்த மூன்று வேளையையும் தவறாமல் பிடித்தால் வீட்டுக்குள் நனைவது வெகுவாகக் குறைந்துவிடும். எங்களுக்கு மொட்டை மாடியின் ஒரு மூலைதான் அந்த இடம். தடுப்பூசிகள் முடியும் வரை தெருவில் இறக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குட்டிகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். முதல் ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், அப்புறம் 16 வாரம் ஆகும் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடி ஊசி. நடுவில் பூச்சி மருந்து.

ஆக, எனக்குக் கிடைத்ததெல்லாம் அவள் தூங்கும் இடைவெளிகள். அதற்கு இந்தப் புத்தகத்தைப் போல் வேறொன்று பொருந்தியிருக்குமா என்று தெரியவில்லை. வாராவாரம் வரும் தொடராக எழுதப்பட்டதால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே மூச்சில் படிக்கும் அளவில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, ஏழு நாள் காத்திருந்த வாசகருக்கு உடனே கதை பிடிபடும்படி ஒவ்வொன்றும் தொடங்குகிறது. நடுவில் எழுந்து மாடிக்கு ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தாலும் நூல் அறுபடுவதில்லை. இதையே சென்ற வருடம் ஒரு நீளமான குடும்ப நாவலில் முயன்றிருந்தால் நிச்சயம் பாதியில் வைத்திருப்பேன்.

முதல் சில வாரங்களில் கடிதான் பெரிய பாடு. பால்பற்கள் 28, ஒவ்வொன்றும் ஊசி. கையைக் கடித்தால் சத்தம் போடாமல் எழுந்து அறையைவிட்டுப் போய்விடுவது, அரை நிமிடம் கழித்துத் திரும்பி வந்து கடிக்க வேறு பொருள் கொடுப்பது என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்தோம். ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீஸரில் வைத்துக் கொடுத்தது நன்றாக வேலை செய்தது. கேரட்டும் அப்படியே. போன வாரம் முன்பல் ஒன்று ஜமக்காளத்தின் மேல் கிடந்தது. உடைந்த நொய்யரிசி என்று நினைத்து அம்மா பெருக்கப் போனார், நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இனி 42 நிரந்தரப் பற்களும் வந்து சேர ஆறேழு மாத வயது ஆகிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பகலில் தூங்கிவிடுவாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தலைகால் புரியாமல் கூடத்தைச் சுற்றி ஓடுவாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஓரிடத்தில் அமைதியாகப் படுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், எனக்கும் படிக்க வேண்டும். ஜமக்காளத்தை நான்காக மடித்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன். கயிற்றைக் கட்டில் காலில் தளர்வாகக் கட்டினேன். அவளுடைய அன்றைய தீனியிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். 'படு' என்று கட்டளை எதுவும் போடவில்லை. அவளாகவே படுத்திருக்கும்போது நான் ஒரு பக்கம் புரட்டினால், முன்னங்கால்களுக்கு நடுவே ஓர் உருண்டை. எழுந்து நின்றால் ஒன்றும் கிடையாது, திட்டும் கிடையாது. கதை மட்டும் தொடரும்.

பழைய காகிதம், புரட்டினால் மொரமொரவென்று சத்தம் வரும். சில நாட்களிலேயே அந்தச் சத்தம் அவளுக்குப் பாடமாகிவிட்டது. மோவாயைத் தரையில் வைத்துக் கண்ணை மூடியிருப்பாள். பக்கத்தின் ஓரத்தை என் விரல் தொட்டதும் இடது காது மட்டும் என் பக்கம் திரும்பும். தலை அசையாது. அந்தக் காதைப் பார்க்கவே சில பக்கங்களை மெதுவாகப் புரட்டியிருக்கிறேன். பிறகு இரண்டு பக்கத்துக்கு ஓர் உருண்டை, அப்புறம் நான்கு பக்கத்துக்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனேன். இப்போது அத்தியாயத்தின் முடிவில் மட்டும்தான். பெரும்பாலும் அதற்குள் தூங்கிவிடுகிறாள்.

வாய்விட்டுப் படிப்பதில் ஒன்று தெரிந்துகொண்டேன். கதை சூடுபிடித்தால் குரலும் தானாக வேகம் எடுக்கும், குட்டியும் எழுந்துவிடும். தஞ்சாவூரில் கதாநாயகன் வந்தியத்தேவன் பழுவேட்டரையர் அரண்மனை நிலவறைக்குள் இருட்டில் தடவிக்கொண்டு போகும் இடத்தில் என்னால் நிதானமாகப் படிக்கவே முடியவில்லை. அவளும் படுக்கவில்லை. மறுநாள் அதையே தணிந்த குரலில் மறுபடி படித்தேன். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, மெதுவாகப் படித்தபோதுதான் அந்த இருட்டு இன்னும் நன்றாகப் பிடிபட்டது. கதையில் வரும் வைணவர் ஆழ்வார்க்கடியானின் வாக்குவாதங்களுக்கு அவள் தலையைத் தூக்கிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

பெயரும் புத்தகத்திலிருந்து வந்ததுதான். இரண்டாம் பாகம் கோடிக்கரையில் பூங்குழலியோடு தொடங்குகிறது. தன்னைத் துரத்தி வந்து சேற்றுப் பள்ளத்தில் சிக்கிக்கொண்ட வந்தியத்தேவனைக் கரையேற்றுவதும், இரவில் படகு வலித்து இலங்கைப் பக்கம் கொண்டுபோய் விடுவதும் அவள்தான். இத்தனை வீரர்கள் உலவும் கதையில் எனக்கு அதிகம் பிடித்தவள் இந்த ஓடக்காரப் பெண். அதுவரை வெறும் 'குட்டி'யாக இருந்தவளுக்குப் பூங்குழலி என்று பெயர் வைத்தோம். கூப்பிடும்போது குழலி. சின்னப் பெயராக இருந்தால் நாய் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

நாங்கள் இருப்பது கும்பகோணம். கதையின் பாதி எங்கள் ஊரைச் சுற்றியே நடக்கிறது. குடந்தை ஜோதிடர் வீடு, அரிசிலாறு, சோழ இளவரசி குந்தவை இருந்த பழையாறை எல்லாம் பக்கம்தான். கடைசி ஊசி போட்டு டாக்டர் அனுமதி கொடுத்ததும் குழலியை முதலில் கூட்டிப்போனது அரிசிலாற்றங்கரைக்கு. அங்கே கரையில் ஒரு சிமெண்டுத் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டதும் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள். முதுகு மயிர் சிலிர்த்தது, பின்னால் நகர்ந்துகொண்டே குரைத்தாள். கதையிலும் இதே ஆற்றங்கரையில்தான் வந்தியத்தேவன் முதலை வாயைப் பிளந்திருப்பதைக் கண்டு வேலை எறிகிறான், அது பஞ்சடைத்த முதலை என்று அப்புறம்தான் தெரிகிறது.

கயிற்றை இழுத்து அவளைத் தொட்டியின் பக்கம் கொண்டுபோகவில்லை. அப்படிச் செய்தால் பயம் கெட்டிப்படும். அவள் நின்ற இடத்திலேயே நானும் உட்கார்ந்தேன். குரைப்பு நின்று தொட்டியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று கொடுத்தேன். தானாகவே வளைந்து வளைந்து போய், கழுத்தை நீட்டி மோந்து பார்த்தாள். தும்மினாள். திரும்பி வந்துவிட்டாள். அடுத்த நாள் அதே தொட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஊசி முடியும் முன்பே துணிப்பையில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு மகாமகக் குளத்தைச் சுற்றியும் காய்கறிச் சந்தைப் பக்கமும் போய்வந்தது இப்போது கைகொடுக்கிறது. ஆட்டோ, கோயில் மணி, கூட்டம் எதற்கும் மிரளுவதில்லை. மூன்று மூன்றரை மாத வயதுக்குள் பார்த்துப் பழகியதுதான் குட்டிக்கு நெடுநாள் நிற்கும். அந்தக் காலத்தை வீட்டுக்குள்ளேயே அடைத்து வீணாக்க வேண்டாம், தரையில் இறக்காமல் தூக்கிக்கொண்டு போனால் போதும்.

சாப்பாடு விஷயத்தில் எங்கள் வீட்டில் பழகவேண்டியிருந்தது. குழைந்த சோறு, கோழி, முட்டை எல்லாம் சரி, வெங்காயம் மட்டும் சேரவே கூடாது. திராட்சையும் உலர்திராட்சையும் அப்படித்தான். பாயசக் கிண்ணத்தைக் கீழே வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் அடியோடு நின்றுவிட்டது. சாக்லேட்டும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

அடுத்து வருவது தீபாவளி. செல்போனில் வெடிச்சத்தத்தை மிகக் குறைவாக வைத்து, அவள் சாப்பிடும்போது மட்டும் ஓடவிடுகிறேன். சாப்பிடுவதை நிறுத்தாத வரை சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், நிறுத்தினால் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். இப்போதைக்கு ஊசிப் பட்டாசு அளவுக்குத் தாங்குகிறாள். சரவெடி வெகுதூரம். அன்றைக்கு ஜன்னல் இல்லாத உள்ளறையில் ஜமக்காளத்தையும் நாற்காலியையும் போட்டுவிடுவதாக உத்தேசம், வழக்கமான வாசிப்பையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் பாகமான 'கொலை வாள்' புத்தகத்துக்குத் தையல் விட்டுப்போயிருக்கிறது. பைண்டிங் கடையில் கொடுத்திருக்கிறேன், வாரக் கடைசியில் தருவதாகச் சொன்னார்கள். அதற்குள் இரண்டாம் பாகத்தின் மிச்ச அத்தியாயங்களையும் குழலிக்கு நகம் வெட்டப் பழக்குவதையும் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். முன்கால் இரண்டும் தொடவிடுகிறாள். பின்கால்கள்தான் பாக்கி.