கண்ணாயிரம் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 10, சனி

ஷிப்ட் முடிச்சு வர்றப்ப ராத்திரி பத்து இருக்கும், தெரு முனை டிரான்ஸ்பார்மர் கிட்ட கீச் கீச்னு சத்தம். எலின்னு நெனச்சேன். போன் டார்ச் அடிச்சு பாத்தா கைக்குள்ள அடங்குற பூனைக்குட்டி, ரெண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிப்போய் கெடக்கு, வெளிச்சத்துக்கு அசையல, ஆனா செருப்பு சத்தம் கேட்டதும் என் பக்கமா தலைய தூக்கிக் கத்துச்சு. தாய்ப்பூனை வருமான்னு ஒரு மணி நேரம் தள்ளி நின்னு பாத்தேன். வரல. நாய் ரெண்டு வந்துச்சு. அதுக்கு மேல யோசிக்கல, சட்டைக்குள்ள போட்டுட்டு வந்துட்டேன்.

அம்மா கதவ தொறந்ததும் கேட்டது, "இத எங்கடா வைக்கப் போற?" எங்க அம்மாவுக்கு உலகத்துல இருக்குற எல்லா பிரச்சனையும் எத எங்க வைக்கிறதுங்கிறதுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ரெண்டு தப்பு பண்ணிட்டேன். பாக்கெட் பால் குடுத்தேன், விடியக்காலைல தண்ணியா போக ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் பக்கத்து மெடிக்கல்ல கேட்டு மனுசங்க போடுற கண்ணு சொட்டு மருந்து வாங்கி ரெண்டு சொட்டு விட்டேன். வெதுவெதுப்பான தண்ணில பஞ்ச நனைச்சு பீளைய ஊற வச்சு எடுத்தது மட்டும்தான் உருப்படியா செஞ்சது.

அப்பா பேர் வச்சுட்டாரு. கண்ணாயிரம். அவர் குசும்பு அப்படி.

ஆகஸ்ட் 12, திங்கள்

லீவு போட்டுட்டு வேப்பேரி. 1903லேந்து இருக்குற வெட்னரி காலேஜ், காலைலயே லேப்ரடார், ஆடு, கூண்டுல கிளின்னு ஒரு ஊரே உக்காந்திருக்கு, நான் ஒரு செருப்பு டப்பாவோட போய் நின்னேன்.

டாக்டர் பல்ல பாத்து நாலு வாரம்னாரு. எடை 310 கிராம், இந்த வயசுக்கு 400 கிட்ட இருக்கணுமாம். பூனைங்களுக்கு வர்ற ஹெர்ப்பீஸ் வைரஸா இருக்கும், நமக்கு ஒட்டாது. கண்ணு திறக்குற வயசுல அது வந்து மேல சீழும் சேந்துக்கிட்டா கருவிழி புண்ணாகி ஓட்டையே விழுந்துருமாம். இடது கண்ணு அப்படித்தான், உள்ள சுருங்கிப் போச்சு. வலது முழுக்க வெள்ளையா தழும்பு, வெளிச்சம் இருட்டு தெரிஞ்சா அதிர்ஷ்டம்னாரு. நான் விட்ட சொட்டு மருந்த காட்டினேன். அதுல ஸ்டீராய்டு இருக்கு, கருவிழில புண்ணு இருக்குறப்ப அது புண்ண இன்னும் அரிச்சிரும், தொடாதீங்கன்னாரு. ரெண்டு சொட்டுதான் சார்னேன். அவர் ஒண்ணும் திட்டல, திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

ஆமா, கண்ணாயிரம் பொண்ணாம். பேர் மாத்தலாமான்னதுக்கு அப்பா முடியாதுன்னுட்டாரு.

ஆகஸ்ட் 20

பூனைக்குட்டிக்குன்னே விக்கிற பால் பவுடர், சிரிஞ்சுல. மல்லாக்க போட்டு குடுத்தா பால் நுரையீரலுக்குப் போயிரும், குப்புற இருக்க வச்சு தலைய லேசா தூக்கித்தான் குடுக்கணும். சமையல்கட்டு தராசுலதான் தெனம் எடை, பத்து கிராம் ஏறுனா அன்னிக்கு நாள் நல்ல நாள். இன்னிக்கு 385. தராச ஏன்டா இப்படி அசிங்கம் பண்றன்னு கேக்குற அம்மாதான் நான் ஆபீஸ்ல இருக்குறப்ப போன் பண்ணி "பன்னெண்டு ஏறிருக்கு"ங்குறாங்க.

செப்டம்பர் 3

நடக்குறத பாக்கணும். முன்னங்கால கொஞ்சம் ஒசத்தி வச்சு, தண்ணிக்குள்ள நடக்குற மாதிரி. மொதல்ல செவுத்த ஒட்டியே போவா, மீசை செவுத்துல உரசிக்கிட்டே வரும், ஒரு வாரம் அப்படியே சுத்தி சுத்தி வந்து வீட்ட மனப்பாடம் பண்ணிட்டா. பாய், பீரோ, அவ வெளிக்குப் போற மணல் தட்டு, சாப்பாட்டு கிண்ணம். இப்ப நடு ஹால்ல ஓடுறா. தூக்கிட்டு போய் கண்ட எடத்துல எறக்கி விடக்கூடாதுன்னு இப்பதான் எனக்குப் புரிஞ்சுது, மணல் தட்டு பக்கத்துல விட்டா அங்கேந்து கணக்கு போட்டுக்குவா. தொடுறதுக்கு முன்னாடி குரல் குடுக்கணும், இல்லன்னா உஷ்ஷுன்னு சீறிட்டு நம்மளையே பயமுறுத்துவா.

செப்டம்பர் 14

அப்பா செருப்ப வாசல்ல கழட்டாம ஹால் வரைக்கும் வந்து விட்டுட்டாரு, இவ முழு வேகத்துல வந்து மோதி உருண்டா. அம்மாவுக்கு இதவிட என்ன வேணும்? முப்பது வருசமா "எடுத்த எடத்துல வைங்க"ன்னு கத்துனவங்களுக்கு இப்ப சாட்சி கெடச்சிருச்சு. நாற்காலி, பக்கெட், என் பேக், எதுவும் எடம் மாறக்கூடாது. நான் சார்ஜர் வயர் தரைல விட்டா "குருட்டுப் பிள்ள இருக்குற வீடுடா"ன்னு கேக்குது சமையல்கட்டுலேந்து.

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு ஆயுத பூஜை. அம்மாவே எல்லாத்தையும் நகத்தி வீட்ட கழுவி, கூட்ட வசதியா இருக்குன்னு அலமாரிய எதிர் செவுத்துக்கு மாத்திட்டாங்க. ரூம்லேந்து கண்ணாயிரத்த தெறந்து விட்டோம். வழக்கமா ஓடுற வழில ஓடுனா, இருக்கக்கூடாத எடத்துல அலமாரி, டம்முன்னு. பின்னாடி நகந்தா, ஈரத்தரை, பினாயில் வாசனை, அவ வாசனை ஒண்ணுகூட இல்ல. நடு ஹால்ல உக்காந்து டிரான்ஸ்பார்மர் கிட்ட கத்துன அதே குரல்ல கத்துனா. ரெண்டு மாசத்துல கேக்காத குரல்.

யாரும் பேசல. ராத்திரி பதினோரு மணிக்கு கர் கர்னு சத்தம். எந்திரிச்சு போனா அம்மாவும் அப்பாவும் அலமாரிய பழைய எடத்துக்கு தள்ளிட்டு இருக்காங்க.

அக்டோபர் 13

920 கிராம். ஒரு கிலோ ஆனதும் இடது கண்ண எடுத்துரலாம்னு டாக்டர் சொல்லிருக்காரு, சுருங்குன கண்ணுல அடிக்கடி சீழ் வந்து வலிக்குமாம். பயமாத்தான் இருக்கு.

ஹால்ல நாற்காலிக்கு, அலமாரிக்கு, மணல் தட்டுக்கு, எல்லாத்தோட கால்கிட்டயும் அம்மா சாக்பீஸ்ல புள்ளி வச்சிருக்காங்க, கோலத்துக்கு வைக்கிற மாதிரியே வரிசையா. காலைல அப்பா பேப்பர் படிச்சு முடிச்சு எந்திரிச்சவரு, குனிஞ்சு பாத்து நாற்காலிய ஒரு விரக்கடை பின்னாடி தள்ளிட்டு போனாரு.