அப்டேட்டுக்குப் பின் கறுப்புத் திரை: பழைய கர்னல் வழியே மீண்டது

வியாழக்கிழமை காலை கணினியை ஆன் செய்தேன். எதை ஏற்றுவது என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் பட்டியல் வந்து மறைந்தது. அப்புறம் வெறும் கறுப்புத் திரை, இடது மூலையில் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. மாலைக்குள் அனுப்ப வேண்டிய மொழிபெயர்ப்பு உள்ளே இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று முறை அணைத்துப் போட்டும் அதேதான்.

நான் வைத்திருப்பது டெபியன் என்ற லினக்ஸ் சிஸ்டம். ஹார்ட் டிஸ்க் போய்விட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் வெறும் எழுத்தில் லாகின் கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அப்போதுதான் மூச்சு வந்தது. சிஸ்டம் ஒழுங்காக ஏறியிருக்கிறது, திரையில் படம் காட்டும் பகுதி மட்டும் எழவில்லை. அரை நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி என்று மறுபடி தொடங்கி, கிரப்பில் இரண்டாவது வரிக்குள் போய்ப் பழைய கர்னலை, அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதியின் முந்தைய பதிப்பை, தேர்ந்தெடுத்தேன். வழக்கமான திரை வந்துவிட்டது. புதிய கர்னல் வந்தாலும் டெபியன் பழையதை உடனே தூக்கி எறிவதில்லை. அதற்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன். முதலில் வேலையை முடித்து அனுப்பினேன். காரணம் தேட உட்கார்ந்தது இரவில்தான்.

மென்பொருள்களை நிறுவி அப்டேட் செய்யும் ஆப்ட் எழுதி வைத்திருக்கும் ஹிஸ்டரி கோப்பைத் திறந்தேன். கர்னல் அப்டேட் ஆனது செவ்வாய்க்கிழமை. அதன்பின் கணினியை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினேனே தவிர ரீஸ்டார்ட் செய்யவில்லை. புதிய கர்னல் ரீஸ்டார்ட் ஆனால்தான் வேலைக்கு வரும். அப்டேட்டையும் கறுப்புத் திரையையும் நான் சேர்த்துப் பார்க்காததற்கு அந்த இரண்டு நாள் இடைவெளிதான் காரணம்.

கையொப்பமில்லாத டிரைவர்களை ஏற விடாத செக்யூர் பூட் தடுக்கிறதோ என்ற சந்தேகத்தில் ஒரு மணி நேரம் போனது. பயாஸில் பார்த்தால் அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. அப்புறம் சிஸ்டம் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில், காலையில் தோல்வியடைந்த தொடக்கத்தின் பதிவைப் படித்தேன். கிராபிக்ஸ் டிரைவரின் மாட்யூல் (கர்னலோடு இணையும் துண்டு) கிடைக்கவில்லை என்று அதிலேயே எழுதியிருந்தது.

இந்த டிரைவர் கர்னலோடு சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதைப் புதிதாகக் கட்டித் தர வேண்டும். கட்டுவதற்கு அந்தக் கர்னலோடு எப்படி இணைவது என்று சொல்லும் ஹெட்டர் கோப்புகள் தேவை. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று கேட்டதும் பழைய கர்னலின் பெயர் மட்டும் வந்தது. டிரைவரை நிறுவிய நாளில் அன்றைய கர்னலுக்கான ஹெட்டரை மட்டும் கையால் போட்டிருந்தேன். புதியதற்கு ஹெட்டர் இல்லை, அதனால் மாட்யூலும் இல்லை. திறந்த மூல டிரைவராவது கைகொடுத்திருக்கும். அதையும் நிறுவலின்போதே முடக்கியாகிவிட்டது.

தீர்வு ஒரே வரி. 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64' என்ற பொதுப் பொதியை நிறுவினேன். கர்னல் மாறும்போதெல்லாம் பொருத்தமான ஹெட்டரை அதுவே இழுத்து வந்துவிடும். டிகேஎம்எஸ் தானாகவே கட்டத் தொடங்கியது. முடிந்ததும் ஸ்டேட்டஸில் இரண்டு வரிகள் வந்தன. ரீஸ்டார்ட் செய்து புதிய கர்னலிலேயே நுழைந்தேன். லாகின் திரை வந்தது. பழைய கர்னலை இன்னும் நீக்கவில்லை.