டபுள் கிளிக் அடிக்கும் மவுஸை வீட்டிலேயே சரிசெய்வது

ஒரு தட்டு தட்டினால் இரண்டாக விழும். வீலைக் கீழே உருட்டினால் பக்கம் மேலே துள்ளும். கர்சர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரம் உள்ள வீடுகளில் மவுஸ் கெடுவது பெரும்பாலும் இந்த மூன்று வகையில்தான். உப்புக்காற்று ஒரு பக்கம், தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்வதால் வரும் ஈரம் மறுபக்கம். உள்ளே உள்ள செம்புப் பாகங்கள் களிம்பு பிடிக்க இது போதும். ஆகவே கெட்டுப்போனதாகத் தூக்கிப் போடுகிற மவுஸ்களில் பல தேய்ந்தவை அல்ல, அழுக்கேறியவை.

திறப்பதற்கு முன் மவுஸில்தான் கோளாறா என்று பாருங்கள். வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். கர்சர் துள்ளினால் முதலில் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டுப் பாருங்கள். பளபளக்கும் டைல்ஸும் கண்ணாடி மேசையும் சாதாரண ஆப்டிகல் சென்சாரை ஏமாற்றிவிடும். வயர்லெஸ் மவுஸ் திக்கினால், ரிசீவர் யு.எஸ்.பி 3.0 போர்ட்டில், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த போர்ட்டும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்கும், ரிசீவர் வேலை செய்வதும் அதே பகுதியில்தான். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் திக்கல் நின்றுவிடும். இதற்கு ஸ்க்ரூடிரைவரே வேண்டாம்.

டபுள் கிளிக்கை உறுதி செய்ய எளிய வழி, நீளமான ஒரு பத்தியை அழுத்திப் பிடித்து இழுப்பது. பாதி வழியில் தேர்வு தானாக விட்டுப்போனால் ஸ்விட்ச்தான் காரணம். அமைப்புகளில் டபுள் கிளிக் வேகத்தை மாற்றுவதால் இது தீராது. சில கேமிங் மவுஸ்களின் மென்பொருளில் டிபவுன்ஸ் நேரத்தை, அதாவது ஒரு கிளிக்குக்குப் பின் உடனே வரும் இன்னொன்றை எண்ணாமல் விடும் சிறு இடைவெளியை, கூட்ட முடியும். அதுவும் கொஞ்ச காலத்துக்கு ஒப்பேற்றத்தான்.

தேவையானவை: சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மெல்லிய பிளாஸ்டிக் அட்டை (பழைய சிம் கார்டு அட்டை போதும்), கூர்முனை ட்வீசர், இயர் பட்ஸ், பழைய பல் துலக்கும் பிரஷ், 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இந்தக் கடைசிப் பொருளில் சிக்கனம் வேண்டாம். சானிடைசரில் கிளிசரின் இருக்கும். 70% உள்ளதில் மீதி தண்ணீர். மழைக்காலத்தில் அது காயவே காயாது. மெடிக்கல் ஸ்டோர் ஸ்பிரிட்டிலும் எண்ணெய் கலந்திருக்கலாம். தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் வீல் வழுவழுவென்று ஓடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஓடும்தான், தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

வயரை உருவிவிடுங்கள், வயர்லெஸ் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். திருகாணிகள் கண்ணுக்குத் தெரியாது. அடியில் உள்ள வழுக்குப் பட்டைகளுக்கும் ஸ்டிக்கருக்கும் கீழே ஒளிந்திருக்கும். ஸ்டிக்கர்மேல் விரலால் அழுத்திக்கொண்டே போனால் பள்ளம் தட்டுப்படும் இடம் திருகாணி. ஹேர் டிரையரால் கொஞ்ச நேரம் சூடு காட்டினால் பட்டை சுருங்காமல் உரியும். உரித்த பட்டைகளை ஒரு பிளாஸ்டிக் தாளில் ஒட்டி வையுங்கள், பசையில் தூசி படிந்தால் மறுபடி ஒட்டாது. திருகாணி எடுத்த பிறகும் மூடி வராவிட்டால் முன்பக்கம் கொக்கி இருக்கிறது என்று பொருள். பின்பக்கம் லேசாகத் தூக்கி, முன்னே தள்ளி எடுக்க வேண்டும். மேல் மூடிக்கும் போர்டுக்கும் நடுவே மெல்லிய பட்டை வயர் இருக்கலாம், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும்.

உள்ளே முடி, தூசி, சில வீடுகளில் எறும்புக் கூட்டமே இருக்கும். காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். சென்சாருக்குக் கீழே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் லென்ஸ் ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கும், போர்டைத் தூக்கும்போது விழுந்துவிடும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று முதலிலேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸைக் காய்ந்த பட்ஸால் துடைத்தாலே போதும்.

ஸ்க்ரோல் துள்ளுவதற்குக் காரணம் வீலின் அச்சு நுழையும் சிறு பெட்டி, என்கோடர். மூன்று கால் உள்ள மெக்கானிக்கல் வகைதான் அதிகம். உள்ளே உள்ள கிரீஸ் காலப்போக்கில் காண்டாக்ட் (ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் கடத்தும் உலோக முனை) மேல் படிந்து, தூசியும் களிம்பும் சேர்ந்து சிக்னலைக் குழப்பும். கணினிக்குத் திசை மாறித் தெரியும். வீலைக் கழற்றி, அச்சுத் துளையிலும் ஓரங்களிலும் ஆல்கஹால் இரண்டு மூன்று சொட்டு விட்டு, வீலை மறுபடி செருகி இரு பக்கமும் ஐம்பது சுற்றாவது சுற்றுங்கள். கழிவை உறிஞ்சி எடுத்துவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள். கிரீஸ் கரைந்துபோனால் வீல் சுற்றும் கடகட சத்தம் கொஞ்சம் கரடாகும், பாதகமில்லை. சில மாதத்தில் துள்ளல் திரும்பினால் என்கோடரையே மாற்ற வேண்டும். வாங்கும் முன் போர்டிலிருந்து துளையின் நடு வரையிலான உயரத்தையும் பெட்டியின் மொத்த உயரத்தையும் அளந்துவிடுங்கள். 7 மி.மீ, 9 மி.மீ, 11 மி.மீ என்று பல உயரத்தில் விற்கிறார்கள், இரண்டு மி.மீ மாறினாலும் வீல் உரசும், அல்லது நடு பட்டன் அழுந்தாது.

இனி கிளிக் ஸ்விட்ச். இதற்குத்தான் பொறுமை தேவை. உள்ளே செம்புக் கலவையாலான ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடு, அழுத்தும்போது மேலிருந்து கீழே சட்டென்று தாவி மறு காண்டாக்டைத் தொடும். இந்த வகை ஸ்விட்ச்சில் மவுஸ் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சொற்பம். காண்டாக்ட்மேல் படியும் ஆக்சைடு படலத்தை எரித்துப்போட அது போதாது. படலம் தடிக்கத் தடிக்க தொடுதல் விட்டு விட்டு நடக்கும், கணினி அதை இரண்டு கிளிக் என்று எண்ணிக்கொள்ளும். தகடு தளர்ந்துபோனாலும் இதே கதைதான்.

சால்டரிங் தெரியாதவர்கள் செய்யக்கூடியது: ஸ்விட்ச்சின் மூடியைப் பக்கவாட்டுக் கொக்கியில் மெல்லிய கத்தி முனை கொடுத்துத் தூக்குங்கள். மேலே உள்ள குட்டிப் பட்டன் கழன்று விழும், தட்டில் வைத்துச் செய்தால் தொலையாது. தகட்டைக் கழற்றாதீர்கள். ஒரு துண்டுத் தாளை ஆல்கஹாலில் நனைத்துக் கீழ்க் காண்டாக்டுக்கும் தகட்டுக்கும் நடுவே நுழைத்து, தகட்டை லேசாக அழுத்திக்கொண்டு தாளை இழுங்கள். தாளில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை திரும்பத் திரும்ப இழுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேலிருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் களிம்பு இன்னும் வேகமாக ஏறும். தகடு தெரியாமல் கழன்றுவிட்டால் திரும்பப் பொருத்துவது இப்படி: பின்முனை தூணில் மாட்ட வேண்டும், நடுவே வளைந்த நாக்கு பள்ளத்தில் உட்கார வேண்டும், முன்முனை மேல், கீழ் காண்டாக்டுகளுக்கு இடையே இருக்க வேண்டும். இதில் மாலைப்பொழுது முழுவதும் போகலாம்.

சால்டரிங் தெரியுமென்றால் புது ஸ்விட்ச் போடுவதே மேல். கையில் புதுசு இல்லையா, அதே மவுஸின் வலது ஸ்விட்ச்சை இடது பக்கத்துக்கும், இடது ஸ்விட்ச்சை வலது பக்கத்துக்கும் மாற்றிவிடுங்கள். வலது பட்டனைக் குறைவாகத்தான் தட்டுகிறோம். 25 வாட் அயர்ன், 0.8 மி.மீ ஈயக் கம்பி, உறிஞ்சு பம்ப் வேண்டும். பழைய ஈயம் உருகாமல் அடம்பிடித்தால், முதலில் மூன்று காலிலும் புது ஈயம் கொஞ்சம் சேர்த்துவிட்டு உறிஞ்சுங்கள். விலை குறைந்த மவுஸ்களில் பழுப்பு நிற ஒற்றைப் பக்க போர்டுதான் இருக்கும். ஒரு காலில் மூன்று நான்கு வினாடிக்கு மேல் அயர்னை வைத்தால் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். வந்தால் அந்தக் காலிலிருந்து தடம் போய்ச் சேரும் அடுத்த புள்ளிக்கு மெல்லிய வயர் போட்டுச் சேருங்கள். ஸ்விட்ச்சின் குட்டிப் பட்டன் சரியாக நடுவில் இருக்காது, ஒரு முனைக்கு நெருங்கியிருக்கும். திருப்பிப் போட்டால் மூடியின் கீழுள்ள முளை அதன்மேல் வராது. பழையது இருந்த திசையிலேயே வையுங்கள், போர்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஈயம் வையுங்கள்.

வயர் ஆட்டும்போது விட்டு விட்டு வேலை செய்தால் பழுது மவுஸின் வாயருகே மடிந்த இடத்தில். அந்த இடத்துக்கு அப்பால் மூன்று நான்கு செ.மீ வெட்டி மறுபடி இணைக்கலாம். வயரின் நிறத்தை நம்பாமல், மல்டிமீட்டரால் யு.எஸ்.பி முனையின் நான்கு தகட்டிலிருந்தும் எது எதுவென்று பார்த்துக்கொள்ளுங்கள். 1 என்பது 5 வோல்ட், 4 என்பது கிரவுண்ட், இந்த இரண்டும் மாறினால் போர்டு புகைந்துவிடும்.

வயர்லெஸ்ஸில் பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால், அது காரம். எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்ட பட்ஸால் துடைத்து, பிறகு ஈரப் பட்ஸ், கடைசியில் ஆல்கஹால். வெறும் கையால் தொடாதீர்கள். பச்சை நிறக் களிம்பென்றால் உப்பும் ஈரமும் செய்த வேலை. பிரஷும் ஆல்கஹாலும் போதும்.

மூடுவதற்கு முன் ஒரு மணி நேரம் காற்றில் வையுங்கள், சாரல் நாளில் இன்னும் கூடுதலாக. திருகாணி போடாமல் மூடியைக் கையால் பிடித்துக்கொண்டே செருகி, இழுத்துத் தேர்வு செய்யும் சோதனையை மறுபடி செய்து பார்த்த பிறகுதான் பட்டைகளை ஒட்ட வேண்டும். திருகாணியை இறுக்கும்போது அளவோடு நிறுத்துங்கள். அதிகம் இறுக்கினால் மூடி கீழே அமுங்கி, ஸ்விட்ச் எப்போதும் பாதி அழுந்திய நிலையில் நின்றுவிடும். சரிசெய்த மவுஸ் மறுபடி டபுள் கிளிக் அடித்தால் முதலில் அந்தத் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள்.