எத்தனை மணிக்கு மயக்கம் கொடுத்தீர்கள்?

விலங்கு ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது டோஸ் கணக்குதான். எடைக்கு எவ்வளவு மருந்து, எத்தனை நிமிடத்தில் மயங்கும், எப்போது தெளியும். மணி என்ன என்று யாரும் கேட்பதில்லை. உடல் கடிகாரத்தை ஆராயும் குழுவுக்கு நான் வந்த பிறகு முதல் கேள்வியே அதுதான். பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்தை ஒரே அளவில் கொடுத்தாலும், எலி எவ்வளவு நேரம் தூங்கும் என்பது கொடுத்த வேளையைப் பொறுத்து மாறும். இது பழைய சேதி. மருந்து திரும்பிப் போய் அந்தக் கடிகாரத்தையே நகர்த்துமா என்பதுதான் எங்கள் வேலை.

கூண்டில் ஒரு ஓடுசக்கரம் இருக்கும். அது சுற்றச் சுற்ற கணினியில் கோடுகள் விழும். ஒரு நாளுக்கு ஒரு வரி, அடுத்த நாள் அதற்குக் கீழே. முழு இருட்டில் வைத்த சுண்டெலியின் சொந்தக் கடிகாரம் 24 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். அதனால் தினமும் சில நிமிடம் முன்னதாகவே சக்கரத்தில் ஏறிவிடும். ஓட்டம் தொடங்கும் இடங்களைச் சேர்த்தால் ஒரு சாய்கோடு கிடைக்கும். மயக்கம் கொடுத்த மறுநாள் எலி மந்தமாக இருக்கும், அந்த வரியை நம்பக் கூடாது. பல நாள் பொறுத்துப் பார்க்கும்போது கோடு பழைய சாய்விலேயே, ஆனால் வேறு இடத்திலிருந்து போனால், கடிகாரம் நகர்ந்திருக்கிறது.

எலிகளில் புரோபோஃபால் என்ற மயக்க ஊசி மருந்தை ஓய்வு முடிந்து ஓட்டம் தொடங்கும் வேளையில் கொடுத்தால் தாளம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னே போனதாக 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. ஓட்டம் முடியும் வேளையில் கொடுத்தால் அப்படி நகரவில்லை. செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு, மூளையின் கடிகார நரம்பணுக்களில் பெர்2 என்ற கடிகார மரபணுவின் செயல்பாட்டைக் குறைக்கிறது. இதில் ஆச்சரியம் இல்லை. மூளையடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் இருக்கும் அந்த இருபதாயிரம் சொச்சம் நரம்பணுக்களில் பெரும்பாலானவை காபா என்ற வேதிப்பொருள் மூலமே பேசிக்கொள்கின்றன. பல மயக்க மருந்துகள் வேலை செய்வதும் அந்தக் காபாவை உணரும் ஏற்பிகளில்தான்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை, எலியைப் போன்ற சிறு விலங்கான ஹாம்ஸ்டருடையது. டிரையசோலாம் என்ற தூக்க மருந்து ஹாம்ஸ்டரின் கடிகாரத்தை நகர்த்துகிறது என்று 1986-இல் கண்டார்கள். அப்புறம் பார்த்தால், அது ஹாம்ஸ்டரைத் தூங்க வைக்கவே இல்லை, ஓட வைத்திருக்கிறது! 1989-இல் நடமாட முடியாதபடி அடைத்து வைத்து அதே மருந்தைக் கொடுத்தபோது அந்த நகர்வு காணாமல் போனது. மருந்து ஓட்டத்தின் வழியாகத்தான் கடிகாரத்தை நகர்த்தியிருக்கிறது.

அன்றிலிருந்து இந்தத் துறையில் எல்லாவற்றின் மீதும் சந்தேகம்தான். மயங்கிய எலிக்கு இமை மூடாது. கண் வறளாமல் இருக்கக் களிம்பு தடவுவோம், ஆனால் அது வெளிச்சத்தைத் தடுக்காது. எலியின் இரவில் மேஜை விளக்கைப் போட்டால், விளக்கே கடிகாரத்தைத் தள்ளிவிடும். அதனால் மங்கலான சிவப்பு விளக்கில் வேலை செய்ய வேண்டும், ஊசி முனை சரியாகத் தெரியாமல் கண் எரியும். உடல் குளிர்ந்துவிடும் என்பதால் அடியில் சூட்டு மெத்தை. கையில் பிடிப்பதே ஒரு தொந்தரவு என்பதால் ஒரு கூட்டத்துக்கு வெறும் உப்புநீர் ஊசி, வாயு மருந்து என்றால் இன்னொரு கூட்டத்துக்கு வெறும் ஆக்ஸிஜன் பெட்டி. மருந்து கொடுக்கும் நேரத்தைவிட, மருந்து இல்லாமல் அதே சடங்கைச் செய்யும் நேரம்தான் அதிகம்.

மருத்துவர்கள் கேட்பது ஒன்றுதான்: எலி இரவில் விழிப்பது, நாம் பகலில் விழிப்பவர்கள், அப்படியென்றால் 12 மணி நேரத்தைத் திருப்பிப் போட்டால் சரியா? அவ்வளவு சுலபமில்லை. இரவு விலங்கானாலும் பகல் விலங்கானாலும் மையக் கடிகாரத்தின் நரம்பணுக்கள் பகலில்தான் மும்முரமாக இருக்கின்றன, தலைகீழாவது அந்தக் கடிகாரத்தின் செய்தி போய்ச் சேரும் பிந்தைய கட்டங்களில். மருந்து நேரே கடிகாரத்தைத் தொட்டால் எலியின் பகலை நம் பகலோடு ஒப்பிட வேண்டியிருக்கும். ஹாம்ஸ்டரைப் போல ஓட்டத்தின் வழியாகத் தொட்டால் நம் இரவோடு. எந்த மருந்து எந்த வழி என்று தெரியும்வரை நான் திருப்பிப் போடுவதில்லை.