பூண்டி அடிவாரத்தில் ஒரு மேசை

கோவைக்கு மேற்கே, போளுவாம்பட்டி வனச்சரகத்துக்கு உட்பட்ட வெள்ளியங்கிரி மலைக்குப் பக்தர்கள் ஏற அனுமதிக்கப்படுவது பிப்ரவரி முதல் மே வரைதான். காடு மிகவும் காய்ந்து கிடக்கும் மாதங்களும் அவையே. ஆகவே இங்கே பணிபுரியும் நாங்கள் கூட்டத்தையும் காட்டுத்தீ பற்றிய அச்சத்தையும் ஒரே சமயத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பருவம் தொடங்குமுன், தீ பரவாமலிருக்கப் புல்பூண்டை அகற்றி விடும் தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி முடித்தாக வேண்டும். தொடங்கிய பிறகு பீடியும் தீப்பெட்டியும் மேலே போகாமல் பார்க்க வேண்டும்.

இந்தப் பணியில் எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிப்பது, பிளாஸ்டிக் மேலே போகாமல் தடுக்க, மலையேற்றம் தொடங்கும் பூண்டி அடிவாரத்தில் நடக்கும் பை சோதனையைத்தான். பிஸ்கட் உறையைப் பிரித்து, பிஸ்கட்டைச் செய்தித்தாளில் பொதிந்து கொடுத்துவிட்டு, உறையை நாங்கள் வாங்கி வைத்துக்கொள்வோம். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் பெற்றுக்கொண்டு, இறங்கும்போது பாட்டிலைக் காட்டினால் பணத்தைத் திருப்பித் தருவோம். பெரியவர் ஒருவர் முகம் வாடி, "சாமி திருநீறுங்க, அதையுமா பிரிப்பீங்க?" என்று கேட்டார். மேசையருகே நின்ற தன்னார்வலரான கல்லூரி மாணவி, "திருநீறு உங்ககிட்டயே இருக்கட்டுமுங்கய்யா, கவர் மட்டும் குடுங்க" என்று சொல்லி, அதைக் காகிதத்தில் சிந்தாமல் மடித்துக் கொடுத்தார். அத்தனை பொறுமையோடு இரவு முழுவதும் பேசுவதற்குத் தனி மனவலிமை வேண்டும்.

பருவம் முடிந்ததும் பாதையைச் சுத்தம் செய்யத் தன்னார்வலர்கள் குழுக்களாக வருகிறார்கள். மூட்டை மூட்டையாக அவர்கள் சுமந்து இறக்குவது பெரிய உதவி, அதில் ஐயமில்லை. ஆனால் பாட்டில் கண்ணில் படும். பல்லால் கிழித்துத் துப்பிய பாக்கெட் முனை, நகத்தளவே உள்ளது, மூங்கில் சருகுக்குள் புதைந்துவிடும். உப்புச் சுவை ஒட்டியிருக்கும் உறைகளைக் கடமானும் யானையும் தின்றுவிடுகின்றன. கோவை வனப்பகுதியில் யானை லத்தியைக் கிளறிப் பார்த்தவர்களுக்கு அதில் என்னவெல்லாம் கிடைக்கும் என்பது தெரியும். அடிவாரத்தில் ஓர் உறையை வாங்கி வைப்பதற்குச் சில நொடிகள் போதும். அதுவே மேலே பள்ளத்தில் விழுந்துவிட்டால், எத்தனை பேர் வந்தாலும் எடுக்க முடியாது.

பாதையைக் காப்பதில் வேட்டைத் தடுப்புக் காவலர்களின் பங்கு வெளியே பெரிதாகப் பேசப்படுவதில்லை. வளைவைத் தவிர்க்க ஆட்கள் குறுக்கே இறங்கினால், தென்மேற்குப் பருவமழையில் அந்தத் தடமே ஓடையாகி மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். காவலர்கள் அங்கே உண்ணிச்செடியை வெட்டிக் குறுக்கே போட்டு வழியை அடைத்துவிடுகிறார்கள். காட்டை ஆக்கிரமித்த அந்த முட்செடிக்கு அப்படியாவது ஒரு பயன் கிடைக்கிறது. இருட்டில் கிளை முறியும் ஓசையைக் கேட்டு, யானை எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லிக் கூட்டத்தை நிறுத்துபவர்களும் அவர்களே. அவர்களில் பலருக்கு இன்னும் நிரந்தரப் பணி இல்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

உதவ விரும்பும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஜூன் மாதச் சுத்தப்பணிக்கு ஆள் எப்படியும் சேர்ந்துவிடும். சிவராத்திரி, சித்திரா பௌர்ணமி இரவுகளில்தான் வரிசை நீண்டு, மேசையில் கை போதாமல், சில பைகள் பிரிக்கப்படாமலே மேலே போய்விடுகின்றன. அந்த இரவுகளில் வாருங்கள்.