சுக்கான் ஏன் கனக்கிறது: பழவேற்காட்டு ஏரியில் 14 அடிப் பாய்ப்படகில் செய்து பார்த்தவை

படகு 14 அடி நீளம், பிளைவுட் உடல், ஒற்றைப் பாய். சுக்கான் பின்பலகையில் இரண்டு முளைகளில் தொங்குகிறது. பலகை மடங்கும் வகை. ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர்தான், அடியில் சேறும் ஆளிச் சிப்பி ஓடுகளும். மடங்காத சுக்கான் இங்கே ஒரு வாரம் தாங்காது. ஓட்டம் ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து. எதிர்க்கரைத் தெலுங்குப் பேச்சில் இதே பொருளுக்கு ‘சுக்கானி’ என்று பெயர். பாய்தான் அங்கே ‘தெரசாப’ ஆகிவிடுகிறது.

கோளாறு இதுதான்: காலையில் கைப்பிடி லேசாக இருக்கும். மதியம் கடல்காற்று ஏறியதும் இரண்டு கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். அரைமணி நேரத்தில் தோள் ஓய்ந்துவிடும். இதற்குக் கரையில் கிடைக்கும் யோசனைகள் இரண்டு: கிரீஸ் வை, கைப்பிடியை நீளமாக்கு. இரண்டையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு முதலில் அளந்தோம்.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். மீன் எடை போடும் ஸ்பிரிங் தராசு போதும். கைப்பிடியில், முளையிலிருந்து 80 செ.மீ. தள்ளி ஒரு கயிற்று வளையம் போட்டு, தராசுக் கொக்கியை அதில் மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். சாய்வாக இழுத்தால் கணக்கு பொய். கரையில் படகு நிற்கும்போது, சுக்கான் அசையத் தொடங்கும் இடத்தில் முள் 700 கிராம் காட்டியது. இது வெறும் உராய்வு. தண்ணீரில் 4 நாட் (மணிக்குச் சுமார் 7.4 கி.மீ.) வேகத்தில், காற்று பக்கவாட்டில் இருக்கும்போது, படகை நேராக வைத்திருக்க 5 கிலோ. ஆக, கிரீஸ் எவ்வளவு வைத்தாலும் ஏழில் ஒரு பங்குதான் குறையும். மிச்சம் 4.3 கிலோ தண்ணீர் தருவது.

இருந்தாலும் உராய்வை முதலில் தீர்த்தோம். அது நடுவில் இருக்கும்வரை மற்ற அளவுகளை நம்ப முடியாது.

பின்பலகையில் முளைகள் நுழையும் இரண்டு வளையங்கள், 28 செ.மீ. இடைவெளி. சுக்கானைக் கழற்றிவிட்டு 10 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி ஒன்றை இரண்டிலும் நுழைத்துப் பார்த்தால் கீழ் வளையம் இடப்பக்கம் 2.5 மி.மீ. விலகியிருப்பது தெரிந்தது. கம்பி நேராக நுழைந்து, விரலால் தட்டினால் சுற்ற வேண்டும். கீழ் வளையத்தின் திருகுத் துளைகளை எப்பாக்ஸியால் அடைத்து, கம்பியை உள்ளே வைத்தபடியே புதுத் துளை போட்டோம். கம்பி இல்லாமல் கண்ணளவில் போட்டால் மறுபடி விலகும்.

வளையத்துக்குள்ளே போட்டிருந்த நைலான் புஷ் (முளையைச் சுற்றும் உள்குழல்) அடுத்த கோளாறு. வாங்கியபோது முளை அழகாக உட்கார்ந்திருந்தது. நைலான் தண்ணீரைக் குடித்து உப்பும். வெளியே இரும்பு வளையம் பிடித்துக்கொண்டிருப்பதால் அது உள்பக்கமாகத்தான் உப்ப முடியும். ஒரு வாரத்தில் முளையைக் கவ்விவிட்டது. கும்மிடிப்பூண்டியில் எந்த லேத்துப் பட்டறையிலும் புது புஷ் கடைந்து தருவார்கள். பொருளை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டும். சமையலறையில் காய் வெட்டும் தடித்த வெள்ளைப் பலகை பெரும்பாலும் ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக்; அது தண்ணீர் குடிக்காது. அதில் ஒரு துண்டைக் கொடுத்து 10 மி.மீ. முளைக்கு 10.3 மி.மீ. துளையாகக் கடைந்தது. இதைவிடத் தளர்வாக விட்டால் வேகத்தில் சுக்கான் கடகடக்கும். கிரீஸ் வைக்கவே இல்லை. ஏரிச் சேறு கிரீஸில் ஒட்டினால் அது உப்புத்தாள்தான். ஓட்டம் முடிந்ததும் ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றுவது போதும்.

உராய்வு 700 கிராமிலிருந்து 150-க்கு வந்தது. ஓடும்போது 5 கிலோ 4.4 ஆனது. எதிர்பார்த்த அளவுதான்.

இனி அந்த 4.4. சுக்கான் பலகையில் தண்ணீர் தள்ளும் விசை, முன் விளிம்பிலிருந்து பலகை அகலத்தில் கால் பங்கு தள்ளிய இடத்தில் குவிகிறது. நம் பலகை 24 செ.மீ. அகலம், ஆகவே 6 செ.மீ. முன் விளிம்பே முளைக்கோட்டுக்கு (இரண்டு முளைகளின் வழியே போகும் கோடு) 3 செ.மீ. பின்னால் இருப்பதால் மொத்த நெம்புகோல் 9 செ.மீ. தண்ணீருக்குள் இருக்கும் பலகை 70 செ.மீ. நீளம், 4 நாட் வேகத்தில், சில டிகிரி திருப்பத்தில், இதன்மேல் வருவது சுமார் 15 கிலோ விசை. 15 கிலோவை 0.09 மீட்டரால் பெருக்கி, கைப்பிடி நீளம் 0.8-ஆல் வகுத்தால் 1.7 கிலோ. தராசு காட்டுவதோ 4.4. அப்படியானால் நெம்புகோல் 9 செ.மீ. அல்ல, 23-க்குப் பக்கம்.

பலகை பின்னால் சாய்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். கரையில் பார்த்தால் நேராகத்தான் நிற்கும். ஓடும்போது பார்க்க ஒரு வழி: கரையில் பலகையை நேராக நிறுத்தி, கன்னப்பலகையின் (பலகைத் தலையை இருபுறமும் கவ்வி நிற்பது) விளிம்பை ஒட்டி, பலகைத் தலையில் பென்சிலால் ஒரு கோடு. ஓடும்போது, மடங்கும் போல்ட்டிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் அந்தக் கோடு விளிம்பைவிட்டு 3 செ.மீ. விலகியிருந்தது. அது 17 டிகிரி. போல்ட்டிலிருந்து பலகையின் நடுப்பகுதி 50 செ.மீ. கீழே, 17 டிகிரி சாய்ந்தால் அது 14.6 செ.மீ. பின்னால் போய்விடும். 9-உம் 14.6-உம் 23.6. கணக்கு நேரானது.

குற்றவாளி கீழிழு கயிறு, அதாவது பலகையைக் கீழே இறக்கிப் பிடிக்கும் கயிறு. வலைக் கடையில் வாங்கிய 4 மி.மீ. நைலான், கட்டுமிடத்திலிருந்து பலகை வரை 1.6 மீட்டர். பலகையில் கயிறு கட்டியிருக்கும் துளை போல்ட்டிலிருந்து 12 செ.மீ. தான். ஆகவே கயிறு 3.5 செ.மீ. விட்டுக்கொடுத்தால் பலகை 17 டிகிரி விழுந்துவிடும். நனைந்த நைலான் நீள்வது கொஞ்சம், முடிச்சு இறுகுவது கொஞ்சம், கவ்வியில் வழுக்குவது கொஞ்சம், சேர்ந்தால் 3.5 செ.மீ. ஒன்றுமே இல்லை. பிளைவுட் பலகை மிதக்கவும் பார்ப்பதால் தண்ணீர் தள்ளாதபோதும் கயிறு இழுவையிலேயே இருக்கிறது. காற்று ஏறியதும் கனம் ஏறும் மர்மமும் இதுதான்: வேகம் கூடினால் விசை கூடுகிறது, கூடவே பலகை விழுந்து நெம்புகோலும் நீள்கிறது.

அதிகம் நீளாத 3 மி.மீ. டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு போட்டு, பலகைத் துளையில் முடிச்சுக்குப் பதில் பின்னல் கண்ணி செய்து மாட்டினோம். டைனீமா வழுவழுப்பானது, சாதாரணக் கவ்வியில் நிற்காது. கவ்விக்குள் போகும் கடைசி 30 செ.மீ.க்குப் பாலியெஸ்டர் உறை மாட்டியதும் நின்றது. டைனீமா கிடைக்காவிட்டால் 5 மி.மீ. பின்னல் பாலியெஸ்டர் பரவாயில்லை. ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். நைலான் மட்டும் வேண்டவே வேண்டாம்.

தராசு: 1.8 கிலோ. பாதிக்கும் மேல் போயிற்று, செலவு ஒரு கயிறு.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பலகையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் நெம்புகோல் இன்னும் சுருங்கும். தலையின் முன் மூலை கன்னப்பலகைக்குள் இருக்கும் தடுப்புக்கட்டையில் முட்டி நிற்கிறது. அந்த மூலையை அராவினால் பலகை முன்னால் வரும். போல்ட்டிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் 9 மி.மீ. அராவினால் 5 டிகிரி. நடுப்பகுதி 4.4 செ.மீ. முன்னேறி, நெம்புகோல் 4.6 ஆனது. தராசு 1 கிலோ.

பேராசையில் 8 டிகிரியும் பார்த்தோம். கணக்குப்படி நெம்புகோல் 2 செ.மீ.; தராசு அரை கிலோவுக்கும் கீழே. கையில் பிடித்தால்தான் தெரிகிறது, இது கெட்டது. கைப்பிடி செத்துப்போனது போல எந்த உணர்வும் தராது, திடீரென்று ஒரு பக்கம் தானாக ஓடும். காரணம் பலகையின் அடிநுனி. போல்ட்டிலிருந்து 85 செ.மீ. கீழே இருக்கும் அது 8 டிகிரியில் 12 செ.மீ. முன்னால் வந்துவிடுகிறது, அங்கே அகலத்தில் 37 சதவீதம் முளைக்கோட்டைத் தாண்டி முன்னால். விசை குவியும் கால் பங்குப் புள்ளியும் அதற்குள் அடங்கிவிட்டதால் அடிப்பகுதி எதிர்த்திசையில் திருகுகிறது. மேல்பகுதி ஒரு பக்கம், கீழ்பகுதி மறுபக்கம். 5 டிகிரியில் அடிநுனியிலேயே 18 சதவீதம்தான் முன்னால். அதனால் அடக்கமாக இருக்கிறது. அராவிய மூலையில் 3 டிகிரிக்கான ஆப்பு ஒன்றை எப்பாக்ஸியில் ஒட்டித் திரும்பி வந்தோம். ஒரேயடியாக அராவாமல் 3 டிகிரி, 5 டிகிரி என்று படிப்படியாகப் போனால் இந்த ஆப்பு வேலை மிச்சம்.

பலகையின் வடிவம் தனி வேலை. பழையது 18 மி.மீ. பிளைவுட், சதுர விளிம்பு. சதுர விளிம்பில் தண்ணீர் சீக்கிரம் பிரிந்து சுழிக்கும். சுழித்ததும் விசை குவியும் இடம் பின்னால் நகரும், கைப்பிடி சட்டென்று கனக்கும், திருப்பமும் குறையும். புதிய பலகைக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது, இரண்டு தாள் ஒட்டி 24 மி.மீ. முன் விளிம்பிலிருந்து 24 மி.மீ. தூரத்தில் தடிமன் 18.7, 72-இல் முழு 24, 120-இல் 21.2; 168-இல் 14.7, 216-இல் 5.8. இந்த ஐந்து கோடுகளையும் பலகையில் நெடுக்காகக் கிழித்து இழைக்க வேண்டும். இழைக்கும்போது பிளைவுட்டின் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். வரி நேராக ஓடினால் இழைப்பு சீர், வளைந்தால் அந்த இடத்தில் மேடு அல்லது பள்ளம். காலிப்பரைவிட இந்த வரி நம்பகமானது.

மேலே 200 ஜி.எஸ்.எம். (ச.மீ.க்கு 200 கிராம்) கண்ணாடியிழைத் துணி இரண்டு சுற்று. எப்பாக்ஸி அரால்டைட் எல்.ஒய். 556, கடினமாக்கி ஹெச்.ஒய். 951, எடையில் 100-க்கு 10. நம் வெயிலில் ஒரே கோப்பையில் 100 கிராமுக்கு மேல் கலக்கக்கூடாது. கோப்பையிலேயே சூடேறிப் புகையும். மலிவு என்று பாலியெஸ்டர் ரெசினுக்குப் போனால் மரத்தில் சரியாகப் பிடிக்காது, அடுத்த கோடையில் தோலாக உரியும். பின் விளிம்பைக் கத்திபோல் ஆக்காமல் 3 மி.மீ. விட்டோம். முதல் ஓட்டத்தில் அது வண்டு போல ரீங்கரித்தது. விளிம்பை ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்த்ததும் நின்றது. வடிவம் மாறியதால் தராசில் பெரிய மாற்றம் இல்லை, 0.9 கிலோ, ஆனால் திடீர்க் கனம் போய்விட்டது.

சுக்கானில் குற்றம் இல்லாமலே கைப்பிடி கனக்கவும் செய்யும். படகு சரிந்தால் அணியம் (படகின் முன்பகுதி) காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கச் சுக்கானைத் திருப்பியே வைத்திருக்க வேண்டும். பின்பலகையில் சாக்பீஸால் டிகிரிக் கோடுகள் போட்டுப் பார்த்தால், 20 டிகிரி சரிவில் கைப்பிடி 10 டிகிரி காற்றுப்பக்கம் இழுத்தபடி; ஆட்கள் வெளியே உட்கார்ந்து சரிவை 8-க்குள் கொண்டுவந்தால் 4 டிகிரி. பாய்மர உச்சி 12 செ.மீ. பின்சாய்ந்திருந்ததை 5 செ.மீ. ஆக்கியதும் இன்னும் ஒரு டிகிரி குறைந்தது. முழுவதும் சுழியம் ஆக்க வேண்டாம்: கையை விட்டால் படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பி நிற்க வேண்டும், அதற்கு 2, 3 டிகிரி மிச்சம் இருப்பது நல்லது. கைப்பிடியை 110 செ.மீ. ஆக்கும் யோசனையைக் கைவிட்டோம். கனம் கால் பங்கு குறையும் என்பது உண்மை. 14 அடிப் படகில் பாயைத் திருப்பும்போது அது எல்லோர் முழங்காலிலும் இடிக்கும் என்பதும் உண்மை.

முழங்கால் ஆழத் திட்டுகளில் பலகையைப் பாதி தூக்கி ஓட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். 45 டிகிரியில் நெம்புகோல் 40 செ.மீ.யைத் தாண்டும், முளைகள் வளைவது அங்கேதான். முழுவதும் தூக்கிவிட்டுத் துடுப்பால் திருப்புவதே சரி.

நீளாத கயிறு போட்டதில் ஒரு புதுச் சிக்கல்: ஆளிப்பாறையிலோ வலைக் கழியிலோ மோதினால் பலகை மடங்காது, படகு நிற்கும். அதனால் கயிற்றைப் பலகையை இறக்க மட்டும் வைத்துக்கொண்டு, பிடிப்பை ஒரு மூங்கில் குச்சிக்கு மாற்றினோம். போல்ட்டிலிருந்து 9 செ.மீ. தள்ளி, கன்னப்பலகை இரண்டையும் நடுவில் உள்ள சுக்கான் பலகையையும் ஊடுருவும் துளை, அதில் குச்சி. கயிறு கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குச்சி முறிந்தும் பயனில்லை. 8 மி.மீ. குச்சி போட்டபோது குச்சி நின்றது, கன்னப்பலகை பிளந்தது. 6 மி.மீ. மோதியதும் சுத்தமாக முறிந்து பலகை மேலே வந்தது. துளை 6.5 மி.மீ.; இதைவிட இறுக்கமாக இருந்தால் நனைந்து உப்பிய துண்டைச் சுத்தியால் தட்டித்தான் எடுக்க வேண்டும். மாற்றுக் குச்சிகள் ஆறு, சைக்கிள் டியூப் துண்டு ஒன்றில் சொருகி இருக்கைக்கு அடியில் கிடக்கின்றன. ஆளிப்பாறைப் பக்கம் போனால் நாளொன்றுக்கு ஒன்று செலவாகும்.